பளபளப்பைப் பொறுக்காத அங்சாக்கள்

ஹெதர்லி தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி ராஜநாயகம் 'பசுமைத் தலைவர்' ஆனதற்கு ஒரே காரணம், ஆள் தேர்ந்தெடுத்த அன்று அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத் தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்ததுதான்.

கோலாலம்பூர்த் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. கம்பெனியின் எல்லாத் தோட்டங்களிலும் இனி நிலைத்த வளர்ச்சி நடக்க வேண்டும். வருடம் முடிவதற்குள் ஒவ்வொரு தோட்டமும் ஒரு புதுமையைச் செய்து காட்ட வேண்டும். அதைக் கவனிக்க ஒரு பசுமைத் தலைவரை உடனே போட வேண்டும். மேனேஜர் ஹரிதாஸ் ஆபீசில் இருந்தவர்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னபோது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மேசை விரிப்பின் பூ வேலைப்பாடு சுவாரசியமாகத் தெரிய ஆரம்பித்தது.

"யாராவது ஒருத்தர் செஞ்சுதான் ஆகணும்லா," என்றார் ஹரிதாஸ்.

"கிராணி இன்னைக்கி லீவு, துரை," என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப கிராணியே செய்யட்டும்."

மறுநாள் காலை கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு வந்து சேர்ந்த ராஜநாயகத்தின் சட்டையில் இலைப் படம் போட்ட பச்சை பேட்ஜ் ஒன்றை ஹரிதாஸ் குத்திவிட்டார். ராஜநாயகம் இரண்டு கையையும் ஆட்டி, "ம்ம்! ம்ம்ம்!" என்று பலமாக மறுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ராஜநாயகத்துக்கும் புதுமைக்கும் ஆகாது. ஆபீசுக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது அது கெட்டுப்போகாமல் இருக்கத் துணி போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கையால் எழுதியவர் அவர். ரிங்லெட்டில் அவர் வழக்கமாக ரொட்டி சானாய் சாப்பிடும் கடை எதிர்வரிசைக்கு மாறியபோது, பல நாள் பழைய இடத்தில் போய் நின்று, மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் பசியோடு வீடு திரும்பினார். புதுக் கடை அங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

அவர் மனைவி கத்தரீன் பேட்ஜைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொள்ள முயற்சி எதுவும் செய்யவில்லை.

"என்னங்க, வீட்டுத் தெரச்சீல மாத்தலாம்னு நான் கேட்டு எத்தன கிறிஸ்மஸ் போச்சு? நீங்க போய் தோட்டத்த மாத்தப் போறீங்களா?"

"நானா கேட்டேன்? வாயில பஞ்சு வச்சிருந்த நேரத்துல குத்திட்டாங்க."

அடுத்த வாரமே தலைமையகத்திலிருந்து மெலிசா வந்தாள். நிலைத்த வளர்ச்சிப் பிரிவின் அதிகாரி. கோலாலம்பூர்ப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ரிங்லெட் மலைச்சாலை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, அதே உற்சாகத்தோடு படம் போட்டுப் பேச ஆரம்பித்தாள். மற்ற தோட்டங்கள் ஏற்கெனவே எவ்வளவு முன்னேறிவிட்டன என்று வரிசையாகக் காட்டினாள். ஒரு தோட்டத்தில் நாள் முழுக்க மூடுபனி விழும் மேட்டில் சூரிய மின்தகடுகள் நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு தோட்டத்தில் தொழிலாளர்களின் பிளாஸ்டிக் போத்தல்களைப் பிடுங்கிக்கொண்டு மூங்கில் போத்தல் கொடுத்திருந்தார்கள். போத்தல்கள் ஒழுகியதால் படத்தில் எல்லோரும் இடுப்பெல்லாம் நனைந்து புன்னகையோடு நின்றார்கள்.

"அங்கிள், ஐடியா சின்னதா இருந்தாலும் ஓகே. ஆனா போட்டோல நல்லா தெரியணும்," என்றாள் மெலிசா.

ராஜநாயகம் பல வாரங்கள் யோசித்தார். யோசித்தார் என்றால், பேட்ஜைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அது இருப்பதை மறக்கப் பார்த்தார். அது முடியாமல் போனது ஒரு முட்டைக்கோசால்.

மாதா கோயில் விருந்துக்கு முட்டைக்கோசு வாங்கிவரச் சொல்லி கத்தரீன் அவரைக் கோலா தெர்லாவுக்கு அனுப்பினாள். அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சீன முதலாளி லிம் தவுக்கேயை அவருக்கு நீண்ட நாளாகத் தெரியும். கோசுப் பாத்திகளுக்கு நடுவே வெள்ளையாக, கழுத்து நீண்ட பெரிய வாத்துகள் சில குனிந்து மும்முரமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. மலாயில் அவற்றை அங்சா என்பார்கள். கோசை அவை தொடவே இல்லை.

"இதுங்க புல்லத்தான் திங்குமா?" என்று ராஜநாயகம் மலாயில் கேட்டார்.

"புல் மட்டும்தான். மருந்து வேண்டாம். மெஷின் வேண்டாம்," என்றார் லிம்.

ராஜநாயகத்துக்கு மூளையில் பளிச்சென்று எதுவோ எரிந்தது. அனுபவம் இல்லாததால் முதலில் தலைவலி என்று நினைத்தார். தேயிலைக்கு நடுவே புல் மருந்து அடிப்பதற்குப் பதிலாக அங்சா மேய்ந்தால்? போட்டோவில் வெள்ளை வெள்ளையாக எவ்வளவு நன்றாகத் தெரியும்?

"தவுக்கே, இதுல ரெண்டு குடுப்பீங்களா?"

"ரெண்டு எதுக்கு? எல்லாத்தையும் எடு! அம்பில், அம்பில்! பெர்சூமா!"

எல்லாமே இனாம். லிம் தவுக்கே ஓர் எலுமிச்சம்பழத்தைக்கூட இனாமாகக் கொடுத்துக் கேள்விப்பட்டதில்லை. ராஜநாயகம் அங்கேயே சந்தேகப்பட்டிருக்கலாம். லிம் தானே சேற்றில் இறங்கி, பன்னிரண்டையும் பிடித்துக் கூண்டில் அடைத்து, சேறு அப்பிய தன் காய்கறி லோரியிலேயே ஹெதர்லிக்குக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிய வேகத்தில் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அங்சாக்களைப் பார்க்கத் தொழிலாளர்கள் கூடினார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் அவற்றோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். மலைமேல் வேலை பார்க்கும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோரான பவளம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவற்றைச் சுற்றி வந்தாள். எல்லாவற்றுக்கும் பெரியதாக ஓர் ஆண் அங்சா இருந்தது. கழுத்தை நிமிர்த்தி, தலையை ஒருக்களித்து அவளை மேலும் கீழும் பார்த்தது.

"ஐயா, இது வேல செய்ய வந்த மாதிரி தெரியல. வேல வாங்க வந்த மாதிரி நிக்குது," என்றாள் பவளம். அன்றே அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. ஹெதர்லியின் தேயிலை மலைச்சரிவில் இருக்கிறது. கால் ஊன்றி ஏற மனிதர்களுக்கே மூச்சு வாங்கும். கங்காணி சரிவின் அடியில் போய் நின்றது. அண்ணாந்து உச்சி வரை ஒருமுறை பார்த்தது. பிறகு திரும்பி, மற்ற பதினொன்றையும் கூட்டிக்கொண்டு, சமதளமாக இருந்த தோட்டத்துச் சாலையில் நடந்தது. பவளமும் நான்கு பெண்களும் கையை விரித்து மேலே விரட்டிப் பார்த்தார்கள். பெண்கள்தான் மேலே போனார்கள். அங்சாக்கள் மேனேஜர் பங்களாவின் புல்தரையைக் கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிட்டன. பிரிட்டிஷ்காரன் காலத்திலிருந்து வெட்டி வெட்டி வளர்த்த மெத்தென்ற புல் அது. மலையில் களை ஜோராக வளர்ந்தது.

தோட்டத்து ஜனங்களுக்கு ஹெதர்லி என்ற பெயர் வாயில் நுழையாது. தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு அது எதிரிலி தோட்டம். அந்த வாரத்தோடு அந்தப் பெயர் பொய்த்துப்போனது.

திங்கட்கிழமை காலை ஹரிதாஸ் தம் வெள்ளை ஜீப்பில் பங்களாவிலிருந்து புறப்பட்டார். தினமும் கழுவி, மெழுகு தேய்த்து, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும் அளவுக்குப் பளபளப்பாக வைத்திருந்த வண்டி. சாலையின் நடுவில் நின்ற கங்காணி அதன் கதவை உற்றுப் பார்த்தது. பிறகு சிறகை விரித்து, கழுத்தைத் தரையோடு நீட்டி, ஓர் ஓட்டை ரயில் எஞ்சின் சத்தத்தோடு பாய்ந்தது. மற்றவையும் பாய்ந்தன. கதவில் டொக் டொக்கென்று அடி விழுந்தது. ஹரிதாஸ் ஹாரன் அடித்தார். அவை இன்னும் ஆவேசமாகப் பதில் ஹாரன் அடித்தன. கண்ணாடியை இறக்கி, "ஏய், போ!" என்றவரின் முழங்கையில் கங்காணி ஒரு கவ்வு கவ்வியது.

ஆபீசுக்குத் தொலைபேசி வந்தது.

"கிராணி, ஒங்க புதுமை என்னைய வெளிய விட மாட்டேங்குது."

"ஹாரன் அடிச்சுப் பாருங்க துரை."

"அதுதான்யா அதுங்களுக்குப் புடிச்சிருக்கு!"

கடைசியில் ஹரிதாஸ் மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து ஓடி, சட்டையெல்லாம் பனி ஈரத்தோடு ஆபீசுக்கு நடந்து வந்தார். மறுநாளும் அதே கதை. உதவி மேனேஜரின் புதுக் கார், பேக்டரி எஞ்சினியரின் கார், எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. ஆனால் கொழுந்து ஏற்றும் லோரி போகும்போது மட்டும் அங்சாக்கள் பூனைக்குட்டி மாதிரி ஒதுங்கி நின்றன. ராஜநாயகத்தின் பழைய மோட்டார் சைக்கிளையும் அவை கண்டுகொள்ளவில்லை.

"அதுங்களுக்கு ஆபீசருங்கள மட்டும்தான் புடிக்கல," என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். பார்க்க ஆசைப்பட்டவர்கள் வேலைக்குச் சீக்கிரமே வந்து சாலையோரம் இடம் பிடித்தார்கள்.

ராஜநாயகத்துக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. அந்த வியாழக்கிழமை கத்தரீன் பிரிஞ்சாங்கில் ராத்திரி கூடும் பாசார் மாலாமில் வாங்கிய புது எவர்சில்வர் தூக்கில் மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தாள். மோட்டாரின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். சாலையில் வழக்கம்போல ஒதுங்கப்போன கங்காணி சட்டென்று நின்றது. தூக்கைப் பார்த்தது. பாய்ந்தது. ராஜநாயகம் மோட்டாரோடு வாய்க்காலில் சாய்ந்தார். அங்சா அவரைத் தொடவில்லை, மோட்டாரைத் தொடவில்லை, தூக்கை மட்டும் போட்டு மிதித்துக் கொத்தியது. குழம்பு வழிந்து எவர்சில்வர் மங்கியதும், எதிரி செத்துவிட்டான் என்கிற மாதிரி திரும்பி நடந்தது.

வாய்க்காலில் கிடந்தபடியே ராஜநாயகத்துக்குப் புரிந்துவிட்டது. பளபளப்புக்குள் தெரிவது வேறோர் அங்சா! தன் இடத்துக்கு வந்த அந்நிய அங்சா! சேறு அப்பிய லோரியில் யாரும் தெரிவதில்லை.

அவர் ஓடிப்போய்ச் சொன்னதும் ஹரிதாஸ் அவர் சட்டையில் ஒட்டியிருந்த வாய்க்கால் சேற்றை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப என்ன சொல்ற? என் காடிய கழுவக் கூடாதா?"

"கழுவாம இருந்தா போதாது துரை. கொஞ்சம் சேறும் பூசிட்டா நல்லது."

அங்சாக்களைத் திருப்பி அனுப்பவும் வழி இல்லை. லிம் தவுக்கே போனை எடுப்பதில்லை. பசுமைத் திட்டத்தின் சொத்து என்று தலைமையகம் அவற்றுக்கு எண் வேறு கொடுத்திருந்தது. ஆக, ஹெதர்லியின் அதிகாரிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மானம் பார்க்காதவர்கள் வண்டியில் சேறு பூசிக்கொண்டு போனார்கள். மானம் பார்த்தவர்கள் நடந்தார்கள். ஹரிதாஸ் நடந்தார்.

நடந்து போகும் மேனேஜரைத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. வண்டியில் போனவரிடம் கையை மட்டும் தூக்கிக் காட்டியவர்கள் இப்போது கூடவே நடந்து பேசினார்கள். இரண்டாவது லயத்துக்கு மேலே தண்ணீர்க் குழாய் உடைந்து ஒழுகுகிறது என்று பவளம் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள், அவர் தலையாட்டியிருந்தார். ஒரு நாள் அந்த ஒழுகலில் கணுக்கால் வரை காலை விட்டார். மறுநாள் குழாய் சரியாகிவிட்டது. அவருடைய தொப்பையும் கொஞ்சம் இறங்கியது. இதற்காகவெல்லாம் அவர் அங்சாக்களை மன்னித்துவிடவில்லை. பங்களா ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துத் தினமும் இரண்டு நிமிடம் திட்டிவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

ஒருநாள் மெலிசா தொலைபேசியில் கத்தினாள்.

"அங்கிள்! ஒங்க எஸ்டேட் டீசல் பாதியா கொறஞ்சிருக்கு! தண்ணியும் கொறஞ்சிருக்கு! வேற எந்தத் தோட்டமும் கிட்டயே வரல! எப்படி அங்கிள்?"

"அது வந்தும்மா, அங்சா வந்து, காடிய..."

"அங்சாதான்! நான் அப்பவே நெனச்சேன்!"

"இல்லம்மா. அதுங்க புல்லே திங்கல. மேல புல்லு ஆளு ஒசரம் நிக்குது. துரை வீட்டு லான் மட்டும்தான்..."

"ரொம்ப தன்னடக்கமா பேசாதீங்க அங்கிள். ரிப்போர்ட் மேல போயிடுச்சு."

ரிப்போர்ட்டில் அது 'உயிரினம் சார்ந்த ஒருங்கிணைந்த போக்குவரத்து, நீர் மேலாண்மை' என்று இருந்தது. ராஜநாயகம் அதை மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. உடனே கவலையும் வந்தது. தலைமையகம் ஹெதர்லியை ஒரு பெரிய பசுமை விருதுக்கு அனுப்பியிருந்தது. நடுவர்கள் நேரில் பார்க்க வருகிறார்களாம்.

நடுவர் குழுவுக்குத் தலைவர் டாக்டர் நாகரத்தினம், ஓய்வுபெற்ற பேராசிரியர். சுத்தம், ஒழுங்கு இரண்டிலும் கறாரானவர் என்று மெலிசா முன்கூட்டியே வந்து எச்சரித்தாள். அவர்கள் வரும் வேன் புத்தம் புதியது என்றும் சொன்னாள். ஹரிதாசும் ராஜநாயகமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேன்ல மொகம் தெரியுமா?" என்றார் ஹரிதாஸ்.

"தெரியும் சார். கறுப்பு கலர். செம ஷைனிங்."

"முடிஞ்சுது."

அங்சாக்களை ஒருநாள் அடைத்து வைக்கலாம் என்றால், அவற்றைப் பார்க்கத்தான் நடுவர்களே வருகிறார்கள். கடைசியில் தீர்வு சொன்னவர் ராஜநாயகம். சொல்லும்போது அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"கேட்லயே நிறுத்தி சேறு பூசிருவோம் துரை."

"நடுவர் காடிக்கா?"

"வரவேற்புன்னு சொல்லுவோம்."

அன்று காலை ஹெதர்லியின் நுழைவாயிலில் பவளமும் பெண்களும் சேலை கட்டி, பூ வைத்து, ஆளுக்கொரு வாளிச் சேற்றோடு நின்றார்கள். வேன் வந்து நின்றது. ஹரிதாஸ் கைகூப்பினார். ராஜநாயகம் கண் காட்டினார். முதல் கை சேறு முன் கண்ணாடியில் அப்பியது.

வேன் ஓட்டுநர் அலறிக்கொண்டு இறங்கினார். "ஐயோ, ரிங்லெட்லதான்யா கழுவிட்டு வந்தேன்!"

"இது எங்க தோட்டத்து மரியாதை," என்று பவளம் சொல்லிக்கொண்டே கதவைப் பூசி முடித்தாள். "வர்றவங்கள மொதல்ல மண்ணுதான் தொடணும். இல்லீங்களா கிராணி ஐயா?"

"ஆமா," என்றார் ராஜநாயகம், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

உள்ளேயிருந்து டாக்டர் நாகரத்தினத்தின் குரல் கேட்டது. "அழகான பழக்கம். குறிச்சுக்கோங்க."

வேன் சாலையில் ஊர்ந்தது. அங்சாக்கள் ஓரத்தில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. கங்காணி ஒரு கொட்டாவி விட்டது போலவே இருந்தது. சிறகைக்கூட அசைக்கவில்லை. ஹரிதாஸ் ராஜநாயகத்தின் தோளைத் தட்டினார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தட்டு.

வேன் கதவு திறந்தது. டாக்டர் நாகரத்தினம் இறங்கினார். முதலில் வெளியே வந்தது அவருடைய வலது கால். அதில் இருந்த கறுப்புத் தோல் ஷூ கண்ணாடி போல மின்னியது.

"சார், ஷூ!" என்று ராஜநாயகம் கத்துவதற்குள் கங்காணி கிளம்பிவிட்டது.

டாக்டர் நாகரத்தினம் தம் வயதுக்கு நன்றாகவே ஓடினார். ஷூவில் தெரிந்த எதிரி எவ்வளவு ஓடியும் விலகாமல் அவர் காலடியிலேயே இருந்ததால் கங்காணிக்கு வெறி கூடியது. மற்ற நடுவர்கள் வேனுக்குள் திரும்பித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். பேராசிரியர் பேக்டரியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பவளம் வாளியோடு பின்னால் ஓடினாள். "ஐயா, கால நீட்டுங்க! சேறு பூசிர்றேன்! கால நீட்டுங்க ஐயா!" அவர் அதை இன்னொரு தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். கடைசியில் நின்றிருந்த கொழுந்து லோரியில் தாவி ஏறி, பச்சைக் கொழுந்துக் குவியலில் இடுப்பு வரை புதைந்து உட்கார்ந்தார். ஷூ கண்ணுக்கு மறைந்ததும் கங்காணி அமைதியாகிவிட்டது.

பேக்டரி மெஷின் மட்டும் இரைந்தது. டாக்டர் நாகரத்தினம் தலையிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துவிட்டு, மலையைப் பார்த்தார். அங்கே ஆள் உயரத்துக்குப் புல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த வாத்துங்கள களை எடுக்கத்தான் விட்டதா சொன்னாங்க," என்றார். "எடுக்குதா?"

மெலிசா ராஜநாயகத்தைப் பார்த்தாள். 'எடுக்குது' என்று சொல்லும்படி கண்ணாலேயே கெஞ்சினாள். ஹரிதாஸ் வானத்தைப் பார்த்தார். ஆனால் லோரியில் கொழுந்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பார்த்துப் பொய் சொல்ல ராஜநாயகத்துக்கு மனம் வரவில்லை.

"இல்ல சார். ஒரு புல்லுகூட எடுக்கல. மல ஏற மாட்டேங்குது. பளபளன்னு எதப் பாத்தாலும் சண்டைக்குப் போவுது. அதனால துரை நடக்குறாரு. டீசல் கொறஞ்சது அதுலதான். நடந்ததுல ஒடஞ்ச பைப்பக் கண்டுபுடிச்சாரு, தண்ணி கொறஞ்சது அதுல. சேறு பூசுனதும் மரியாதைக்கு இல்ல சார். பயத்துல."

மெலிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

லோரியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டர் நாகரத்தினம் சிரித்துக்கொண்டிருந்தார். கொழுந்தெல்லாம் குலுங்கச் சிரித்தார். இறங்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்து தேநீர் வாங்கிக் குடித்தார்.

"இந்த வருஷம் எவ்வளவோ தோட்டம் பாத்துட்டேன்," என்றார். "போன எடத்துலல்லாம் நெனச்சது நெனச்ச மாதிரியே நடந்துச்சாம். எனக்கே அலுத்துப்போச்சு. இங்கதான் நெஜமாவே ஏதோ நடந்திருக்கு."

இருந்தாலும் முதல் பரிசு ஹெதர்லிக்குக் கிடைக்கவில்லை. மூடுபனியில் சூரியத் தகடு வைத்த தோட்டத்துக்குப் போனது. போட்டோக்கள் அவ்வளவு பிரமாதமாக இருந்தன. ஹெதர்லிக்கு 'எதிர்பாராத விளைவு' என்று புதிதாக ஒரு பிரிவு ஏற்படுத்தி ஒரு சிறப்புப் பாராட்டு கொடுத்தார்கள். கத்தரீன் அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். அதன் இரண்டு பக்கமும் புதுத் திரைச்சீலை தொங்கியது. ராஜநாயகமே அதை இழுத்து நேராக்கிவிட்டார்.

தலைமையகத்துக்கு அந்தப் பாராட்டு தலைக்கேறிவிட்டது. எல்லாத் தோட்டங்களும் உடனடியாக அங்சா வளர்க்க வேண்டும் என்று உத்தரவு பறந்தது. தலைமையகத்தின் கார் நிறுத்துமிடத்திலும் இரண்டு விடப்பட்டன. கம்பெனியின் தலைவர் இப்போது ரயிலில் வேலைக்கு வருகிறார் என்று கேள்வி. அது கொள்கையா கட்டாயமா என்று யாருக்கும் தெரியவில்லை.

சில மாதம் கழித்து மெலிசாவிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் பழைய துள்ளல் இல்லை.

"அங்கிள், ஒரு ஹெல்ப் பண்ணணும். பக்கத்து மலைத் தோட்டத்துல அங்சா திட்டம் சுத்தமா ஃபெயில். டீசல் ஒரு லிட்டர்கூட கொறையல. நீங்க போய் அதுங்களுக்கு டிரெயினிங் குடுக்க முடியுமா?"

"என்ன டிரெயினிங்?"

"கொஞ்சம் கோவப்பட."

ராஜநாயகம் போனார். மடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் கத்தரீன் கட்டிக் கொடுத்த சோறும் இருந்தன. அந்தத் தோட்டத்தின் கிராணி கரேன் என்ற பெண், பளபளக்கும் காரில் வந்து அவரை அழைத்துப் போனாள். வழியில் நின்ற அங்சாக்கள் மரியாதையாக விலகி வழி விட்டன.

"பாத்தீங்களா அங்கிள்? ஒண்ணுக்கும் ரோஷமே இல்ல," என்றாள் கரேன் வருத்தத்தோடு.

அங்கே சரிவு அவ்வளவு செங்குத்து இல்லை. அங்சாக்கள் காலையில் தாமாகவே தேயிலைக்குள் ஏறி, மாலை வரை வரிசை வரிசையாகப் புல் மேய்ந்துவிட்டு இறங்கின. செடிகளுக்கு நடுவே தரை துடைத்த மாதிரி இருந்தது. புல் மருந்து அடித்து மாதக் கணக்காகிறது என்றாள் கரேன். முன்பு மருந்தடித்த பெண்கள் இப்போது முகமூடி இல்லாமல் பேசிக்கொண்டே கொழுந்து வெட்டினார்கள்.

ராஜநாயகம் கடமைக்காகக் கண்ணாடியை எடுத்து ஓர் அங்சாவின் முன்னால் நீட்டினார். அது கண்ணாடிக்குள் பார்த்தது. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. அலகால் மார்பு இறகைக் கோதிக்கொண்டது. பிறகு மறுபடியும் மேயப் போய்விட்டது.

"ஏம்மா," என்றார் ராஜநாயகம், "இங்க எல்லாம் நல்லாதான நடக்குது?"

"அதான் அங்கிள் பிரச்சன. தெனமும் காலையில போன் பண்ணி, இன்னைக்காச்சும் யாரையாவது கடிச்சுச்சான்னு கேக்குறாங்க."

அவர் அங்கேயே சரிவில் உட்கார்ந்து மெலிசாவை அழைத்தார்.

"அம்மா, இங்க புல்லே இல்ல. மருந்தே அடிக்கறதில்ல. நாம மொதல்ல கேட்டது இதத்தான்."

"தெரியும் அங்கிள்." மெலிசா பெருமூச்சு விட்டாள். "ஆனா ரிப்போர்ட்ல டீசலுக்கு எடம் இருக்கு, தண்ணிக்கு எடம் இருக்கு. புல்லுக்கு எடம் இல்லியே."

"போடேன்."

"என்னது?"

"ஒரு கோடு இழுத்து, புல்லுன்னு எழுதி, அதுக்கு ஒரு எடம் போடேன்லா. யாரு கேக்கப் போறா?"

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பட்டன் தட்டும் சத்தம். பிறகு மெலிசா மெதுவாகச் சிரிப்பது கேட்டது.

"மேல கேட்டா என்ன அங்கிள் சொல்றது?"

"புதுமைன்னு சொல்லு," என்றார் ராஜநாயகம்.

கரேன் கீழேயிருந்து சாப்பிட வரச் சொல்லிக் கையசைத்தாள். அவர் எழுந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அங்சாக்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகவே இறங்கி நடந்தார்.